வசுமதி தேடித் தந்த பாடங்கள்

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வசுமதி கணக்கெழுதும் கிராணியாக இருந்தாள். மதியம் மணியடித்ததும் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் பின்னால் ஏறும் மண்பாதையில் போய்விடுவாள். மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பாறை இருந்தது. கைப்பேசிக்கு லைன் ஒழுங்காகக் கிடைப்பது அங்கே மட்டும்தான். பனி இறங்கினால் அதுவும் போய்விடும். அதற்குள் வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கட்டைவிரலால் வேதியியல் பாடங்களைத் தேடுவாள்.

கொழுந்து எடுக்கும் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னா கிராணி, லோரிக்காரரு பேசுறாரா?" என்பார்கள். அவள் கணவன் விமலன் மலைமேல் இருக்கும் கியா பார்மிலிருந்து கீழே ஈப்போ நகரத்துக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். வசுமதியும் சிரித்துவிட்டு, கைப்பேசியைத் திருப்பிக் காட்டுவாள். திரையில் அணுக்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். பெண்கள் கூடையோடு அடுத்த நிரைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அவள் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில், லயத்திலேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் வரை படித்தாள். படித்ததில் அவள் மனதைப் பிடித்தது வேதியியல். இரண்டு பொருள்கள் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறப்பதும், பிறந்தது முதல் இரண்டோடும் ஒட்டுறவே இல்லாததுபோல நடந்துகொள்வதும் அவளுக்குக் கடைசிவரை தீராத வியப்பு. ஆசிரியையாக வேண்டும் என்று இரண்டு முறை மனுப் போட்டாள். இரண்டு முறையும் இடமில்லை என்று பதில் வந்தது. பிறகு தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, வயிற்றில் வந்த பிள்ளை தங்காமல் போனது. நாற்பதை நெருங்கும்போது வேதியியலை அவளே கிட்டத்தட்ட மறந்துவிட்டிருந்தாள்.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகளை மூடியபோதுதான் எல்லாம் மறுபடி தொடங்கியது. இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் பாடங்களைக் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். லயத்தில் அவற்றைத் திறக்க லைன் இல்லை. காணொளிக்குப் போதாத ஆபீஸ் வைஃபை சுவர் தாண்டிக் கொஞ்சம் கசியும் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள், ஆபீஸ் பின்சுவரோரம் வரிசையாகக் குந்திக்கொண்டு பாடம் திறக்கப் பார்த்தார்கள். அவர்களில் அன்பரசியும் ஒருத்தி. செடிக்கு மருந்தடிக்கும் செல்லையாவுக்கும் கொழுந்தெடுக்கும் உமாதேவிக்கும் மூத்த மகள். பதினாறு வயது, நான்காம் படிவம், அறிவியல் பிரிவு. அந்த லயத்திலிருந்து அறிவியல் பிரிவுக்குப் போன பெண் அப்போது அவள் ஒருத்திதான்.

ஒருநாள் வசுமதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அன்பரசி ஏதோ ஒரு பக்கத்தை வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னா படிக்கிற?"

"மோல்கா. ஒண்ணுமே புரியல. சார் ஸ்லைடு அனுப்புறாரு, அவரு வேற பாடத்து சாருதான். கிமியா டீச்சர் மாத்தலாகிப் போயிட்டாங்க." பள்ளியில் வேதியியலுக்குப் பெயர் கிமியா.

வசுமதி வெளியே வந்து அவள் பக்கத்தில் குந்தினாள். கொஞ்சநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "ஒங்கம்மா கொழுந்து எடுத்துட்டு வந்தா, எத்தன எலன்னு யாராச்சும் எண்ணுவாங்களா?"

"நிறுப்பாங்க."

"ஆங். அணுவையும் எண்ண முடியாது. நிறுத்துத்தான் பாக்கணும். இவ்ளோ எடைன்னா இத்தன அணுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அந்தக் கணக்குக்குப் பேருதான் மோல்."

அன்பரசி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இத ஏங்கா யாரும் இப்புடிச் சொல்லல?"

அந்த ஒரு கேள்வி வசுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்துதான் பாறைக்குப் போகத் தொடங்கினாள்.

தேடத் தேடத்தான் இணையத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்தது. நல்லதும் குப்பையும் ஒன்றாகவே கிடந்தன. ஒரு பல்கலைக்கழகப் பக்கத்தில் விரலால் இழுத்தால் குடுவை சாய்ந்தது, நிறம் மாறியது. தமிழ்நாட்டு வாத்தியார் ஒருவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் சொன்ன இணைதிறனும் பிணைப்பும் இங்கே மலாயில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வேறு பேரில் தெரிந்தவை. வசுமதி தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எது எதற்குச் சமம் என்று குரல் பதிந்து அனுப்பினாள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாள். லைன் இல்லாத பிள்ளைகளுக்காகக் காணொளிகளைப் பாறைமேல் இருந்தபடி பதிவிறக்கி, ஆபீசுக்கு வந்து அவரவர் கைப்பேசியில் ஏற்றிவிட்டாள்.

ஆரம்பத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். தான் முழுக்கப் பார்க்காத எதையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. தப்பாகச் சமன் செய்த சமன்பாடுகளையும், வேடிக்கைக்காகத் தீ கொளுத்திக் காட்டுகிறவர்களையும் அப்படித்தான் வடிகட்டினாள்.

பள்ளி திறந்த பிறகும் வேதியியலுக்கு ஆசிரியர் வரவில்லை. மலைக்கு வருகிறவர்கள் குளிர் தாங்காமல் மாற்றல் கேட்டுப் போய்விடுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகியதால் அதையும் பூட்டியிருந்தார்கள். தோட்ட நிர்வாகியான துரையிடம் கேட்டு, பாழாகக் கிடந்த பழைய பிள்ளை மடுவத்தை வசுமதி வாங்கினாள். கைக்குழந்தைகளைத் தாய்மார்கள் விட்டுவிட்டு வேலைக்குப் போன கொட்டகை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வகுப்பு நடந்தது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலிருந்தும், மலையடிவாரத்து ரப்பர் தோட்டங்களிலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் குழுவில் சேர்ந்தார்கள். "அக்கா, உப்புக்கு நோட்ஸ் இருக்கா?", "அக்கா, எலக்ட்ரோலிசிஸ் இருக்கா?" என்று ஓயாமல் கேட்டார்கள். வசுமதிக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. கேட்டதை உடனே கொடுத்துவிட வேண்டும் என்ற பரபரப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

அன்பரசிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. அதை அவள் ஒளிக்கவில்லை.

"அக்கா, நாம எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கிட்டு இருக்கோம். நான் ஒரு டெஸ்ட் டியூப்ப கையில புடிச்சதில்ல. நாளைக்கு யூனிவெர்சிட்டி போனா சிரிக்க மாட்டாங்களா?"

"பள்ளிக்கூடத்துல லேப் தொறக்கட்டும்."

"அது தொறக்கறதுக்குள்ள நான் கெழவியாயிருவேன்லா."

கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். வசுமதியும் சிரித்தாள்.

உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துக் காட்டும் அந்தக் காணொளி வசுமதிக்குக் கிடைத்தது மழைக்காலத்தில். ஆங்கிலத்தில் பேசிய ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுச் சாமான்களை வைத்தே அழகாகச் செய்து காட்டினார். கம்பிகளிலிருந்து குமிழ் குமிழாக வாயு ஏறுவது துல்லியமாகத் தெரிந்தது. பாறைமேல் பனி மூடிக்கொண்டிருந்தது. பதிவிறக்கம் நின்று நின்று ஓடிக் கடைசியில் முடிந்ததாகக் காட்டியது. அவள் ஓட்டிப் பார்த்தாள். அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது படம் சட்டென்று நின்றது. மிச்சம் இருக்கும்போலிருக்கிறதே என்று தோன்றியது. நாளைக்குத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. சாயங்காலம் அன்பரசி ஆபீசுக்கு வந்து கேட்டபோது, "இது நல்லாருக்கு, பாரு" என்று சொல்லி ஏற்றிவிட்டாள். மறுநாள் ஆபீசில் சம்பள வேலை. அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

சனிக்கிழமை முற்பகல், செல்லையாவும் உமாதேவியும் வேலைக்காட்டில் இருந்தார்கள். அன்பரசி வீட்டுச் சமையலறையில் அப்பாவுடைய மோட்டார் சைக்கிளின் பேட்டரியை வைத்துச் சோதனையைச் செய்தாள். வெளியே சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்தியிருந்தாள். வாயு வெளியே போய்விடாமல், உப்புநீர் ஊற்றிய ஊறுகாய்ப் போத்தலை மூடியிருந்தாள். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல எரியும் குச்சியைக் காட்டினால் 'டப்' என்று சத்தம் வரும், அதைக் கேட்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. கேஸ் சிலிண்டர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வசுமதி லயத்துக்கு ஓடிவந்தபோது பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வந்த வாடை மூக்கில் ஏறியதுமே வசுமதிக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. குளோரின். தரையில் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் அன்பரசி முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கிடையே ரத்தம். அவள் அலறவில்லை. "அக்கா, கண்ணு தெறக்க முடியல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வசுமதி அவளை வெளியே இழுத்துவந்து பைப்படியில் உட்கார்த்திக் கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். யாரோ சொல்லி ஓடிவந்த உமாதேவி, கொழுந்துக்கூடையைக் கூடக் கழற்றாமல், "போதும், விடு, வலிக்குது பிள்ளைக்கு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ரசாயனம் தெறித்தால் கழுவ வேண்டும், கண்ணாடி குத்தியிருந்தால் தொடக்கூடாது. இரண்டும் நடந்திருந்தால் என்ன செய்வது என்று வசுமதிக்குத் தெரியவில்லை. அவள் பார்த்த எந்தப் பாடத்திலும் அது இல்லை.

விமலன் அன்று லோரியோடு மேலேதான் இருந்தான். முட்டைக்கோஸ் கூடைகளைப் பாதியில் இறக்கிப் போட்டுவிட்டு வந்து, தாயையும் மகளையும் வசுமதியையும் முன்சீட்டில் நெருக்கி ஏற்றிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். அங்கே காயத்தை மூடிக் கட்டி உடனே ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். இடது கண்ணுக்குள் கண்ணாடி போயிருந்தது. வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். வசுமதி ஊற்றிய தண்ணீர் நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, அதற்கப்புறமும் சரி.

அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது அவள் நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். நகரம் என்பதால் லைன் தாராளமாக இருந்தது. அந்தக் காணொளியைத் தேடி ஓட்டினாள். ஓரிடத்திலும் தடைபடாமல் ஓடியது. மலையில் நின்றுபோன இடம் வந்தது. அந்த மனிதர் வாயெடுத்தார், இந்தத் தடவை பேசினார். இதை ஒருபோதும் மூடிய பாத்திரத்தில் செய்யாதீர்கள், வீட்டுக்குள் செய்யாதீர்கள், இந்த இரண்டு வாயுக்களும் ஒன்றாகத் தேங்கினால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும் என்று நிதானமாக விளக்கினார். பிறகு எல்லாவற்றையும் திறந்தவெளிக்கு எடுத்துப் போனார். மூடாமல் வைத்திருந்த பாத்திரத்தைக் காட்டினார். நல்ல மனிதர். எதையும் விட்டுவிடவில்லை.

வசுமதி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லையா பஸ் பிடித்துச் சாயங்காலம் வந்து சேர்ந்தார். மருந்தடிக்கும் பூட்ஸைக்கூட மாற்றியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கேண்டீனில் அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வைத்துவிட்டு வசுமதி சொன்னாள். விழுங்காமல், மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள்.

"மிச்சம் இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று செல்லையா கேட்டார்.

"சந்தேகம் இருந்துச்சுண்ணே."

"இருந்தும் குடுத்திட்ட."

"ஆமாண்ணே."

"சரி" என்றார் செல்லையா. கத்துவார், கையை ஓங்குவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் எழுந்து, தேத்தண்ணியைத் தொடாமல், மகள் இருந்த வார்டைத் தேடிப் போனார்.

அன்பரசிக்கு இடது கண் போய்விட்டது.

தோட்டத்தில் பேச்சு பல விதமாகக் கிளம்பியது. கிராணி பிள்ளைகளுக்கு வெடி செய்யச் சொல்லிக்கொடுத்தாள் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். துரை கூப்பிட்டுக் கோபமில்லாமல்தான் பேசினார், ஆனாலும் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். ஞாயிறு வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ரோட்டில் அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டில் சொல்லிவைத்திருப்பார்கள்.

உமாதேவி ஒரு நாளும் சண்டைக்கு வரவில்லை. மகளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வசுமதி தினமும் கஞ்சியோ சூப்போ செய்து எடுத்துக்கொண்டு போனாள். உமாதேவி வாங்கிக்கொள்வாள். மறுநாள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் வசுமதியின் வாசலில் இருக்கும். ஒரு காலையில் பாத்திரத்தைக் கையிலேயே கொடுத்தாள்.

"இனிமே கொண்டாராத வசு. ஒங்கிட்ட கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி. எனக்குப் படிப்பு கெடையாது. என்னா நல்லது, என்னா கெட்டதுன்னு பாத்துக் குடுக்கத்தான் நீ இருக்கன்னு நெனச்சேன். நீ இருக்கறன்னு சொல்லித்தான் அவள நான் வெறட்டாம விட்டேன்."

வசுமதி பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே பாறைக்குப் போய், குழுவில் தான் போட்டிருந்த எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. நல்லவை, அருமையானவை, அவள் ரசித்து ரசித்துப் பொறுக்கியவை. பார்க்காமலே அழித்தாள். இரண்டு நாள் கழித்து மலையடிவாரத் தோட்டத்திலிருந்து தினேஸ்வரன் என்ற பையன் குரல் பதிந்து அனுப்பினான். அவளை நேரில் பார்த்திராதவன். "அக்கா, எல்லாம் காணோமே. அடுத்த மாசம் எஸ்பிஎம் பரீட்ச. எனக்கு இதவிட்டா வேற எதுவும் இல்லக்கா."

அதை அவள் பலமுறை கேட்டாள். விமலன், "விட்ருலா வசு, போதும். யாரு ஒன்னக் கேட்டா" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஆனாலும் அந்தப் பையனுக்காக மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை ஒவ்வொன்றையும் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை பார்த்தாள். ஈப்போவுக்கு விமலனோடு லோரியில் போய், லைன் அறாத இடத்தில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். சோதனை செய்து காட்டும் எதையும் கொடுக்கவில்லை. கணக்கும் விளக்கமும் மட்டும்தான். அது வேதியியலே இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. முன்பு ஒரு பாடத்தைத் திறக்கும்போது இருந்த துள்ளல் இப்போது இல்லை. இது எங்கே யாரைக் குத்தும் என்று பார்க்கிற கண்தான் இருந்தது.

அன்பரசி ஒரே ஒரு தடவை அவளைத் தேடி வந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஆபீஸ் படியில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சநேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குள்ள வைக்கிறது அடுத்த மாசம்க்கா. நெசக் கண்ணு மாரியே இருக்குமாம்."

"ம்."

"பள்ளிக்கூடத்துல அறிவியல் வேணான்னு சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அக்கா, அது வந்துச்சுக்கா. கொமிழி கொமிழியா, ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் ஜாஸ்தி. தண்ணி லேசாப் பச்சையா மாறுச்சு. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

வசுமதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏன் ஒரு பக்கம் ஜாஸ்தின்னு தெரியுமா?" என்று கேட்கத்தான் வாய் வந்தது. பழைய வாத்தியார்ப் புத்தி. பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்பரசி சற்றுநேரம் காத்திருந்துவிட்டு, எழுந்து போனாள். அவள் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாளோ என்று வசுமதிக்குப் பிற்பாடு பலநாள் தோன்றியது. தோன்றி என்ன செய்ய.

பள்ளி முடித்ததும் அன்பரசி மேற்கொண்டு படிக்கவில்லை. கியா பார்மில் ரோட்டோரக் கடை ஒன்றில் ஸ்ட்ராபெரியும் பூவும் விற்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தினேஸ்வரன் பரீட்சையில் தேறிவிட்டான் என்று வேறு யாரோ குழுவில் போட்டார்கள். அதற்கப்புறம் அவன் குழுவிலிருந்து விலகிவிட்டான். வேலை முடிந்தவன் விலகத்தானே செய்வான்.

போன வருடக் கடைசியில் ஒருநாள், விடுமுறைக் கூட்டம் நெரிந்த நேரம், வசுமதி அந்தக் கடைக்குப் போனாள். அன்பரசி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நல்ல கண் வாடிக்கையாளர் பக்கம் இருக்கிற மாதிரி நின்று விற்றுக்கொண்டிருந்தாள். அது பழகிப்போன நிற்பு என்று பார்த்ததும் தெரிந்தது. வசுமதியைக் கண்டதும் சிரித்தாள். ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியை எடுத்துப் பையில் போட்டுக் கையில் கொடுத்தாள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் பக்கத்தில் வந்தாள்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

"இருக்கேன். நீ?"

"எனக்கென்னா. தவுக்கே நல்லாதான் பாத்துக்கிறாரு." கடைமுதலாளியைத்தான் சொன்னாள். பிறகு கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, கீழே பார்த்தபடி சொன்னாள், "அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்தா யாராச்சும் அம்மாகிட்ட சொல்லிருவாங்க. அப்பறம் அம்மா ரெண்டு நாளைக்கு சாப்பிடாது, பேசாது. எனக்கும் வேற எதையும் நெனைக்க முடியல. இனிமே இங்க வராதீங்கக்கா."

"சரிம்மா" என்றாள் வசுமதி.

ஒரு சீனக் குடும்பம் பூ கேட்டு நின்றது. அன்பரசி தலையைச் சாய்த்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

வசுமதி அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. விமலனின் லோரியில் அந்த வழியாகப் போக நேர்ந்தால், கடைகள் இருக்கும் பக்கம் பார்க்காமல், பள்ளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு போவாள். குழுவில் இப்போது ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்டால் கொடுக்கிறாள். கொடுப்பதற்கு முன், கடைசிவரை பார்க்கிறாள்.